அடிமை வைத்தவன் வாழ்ந்தானா?

அடிமைத்தனத்தைப் பற்றி எழுதுகின்றவர்களும் பேசுகின்றவர்களும் பொதுவாக அடிமைகள் பட்ட பாட்டைப் பற்றியே சொல்லுவது வழக்கம். அப்படிச் சொல்லுவது நியாயமேயாகும். சாட்டையடி பட்டவன் அடிமை. பெண்டு பிள்ளைகளைப் பிரிந்தவன் அடிமை. பிறந்தது முதல் சாகின்ற வரையில் கூலியில்லாமல் உழைத்தவன் அடிமை. ஆனால், அந்தப் பேச்சைக் கேட்கின்றவர்களுடைய மனதில் மற்றொரு எண்ணமும் கூடவே தங்கி விடுகின்றது. அதாவது, அடிமை கஷ்டப்பட்டது வாஸ்தவந்தான், ஆனாலும் எஜமானனாவது நன்றாய் வாழ்ந்தானல்லவா என்பதாகும். இந்த எண்ணம் இருக்கின்ற வரையில், சமத்துவம் என்று நாம் சொல்லுவதெல்லாம் மேலே இருக்கின்றவன் கீழே இருக்கின்றவனுக்குப் போடுகின்ற பிச்சையாகத்தான் தோன்றுமே ஒழிய, இருவருக்கும் வேண்டிய காரியமாகத் தோன்றவே தோன்றாது. ஆகவே, எஜமானன் உண்மையில் வாழ்ந்தானா என்பதைக் கணக்குப் பார்த்து விடுவது நல்லதென்று கருதுகின்றோம்.

இதற்காக நாம் புராணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. குடிக்கணக்கும், சட்டப் புத்தகமும், ஏலக் கணக்கும், எஜமானர்களே தங்கள் கைப்பட எழுதி வைத்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஏராளமாய்க் கிடைக்கின்ற தேசம் ஒன்று இருக்கின்றது. அதுதான் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் பாகம். அங்கு 1619-ம் வருஷத்தில் வர்ஜீனியாவில் சுமார் இருபது ஆப்பிரிக்கர்கள் கொண்டு வந்து விற்கப்பட்டார்கள். 1860-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் அடிமைகளின் தொகை சுமார் 39½ லட்சமாகி விட்டது. அடிமை முறை இருந்த பதினைந்து மாகாணங்களில் வெள்ளையர்கள் சுமார் 80 லட்சம் பேர். அவர்களில் அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் 4 லட்சத்திற்கும் குறைவானவர்களே. குடும்பக் கணக்காகப் பார்த்தால் ஏறக்குறைய நாலு வெள்ளைக் குடும்பத்திற்கு ஒரு குடும்பந்தான் அடிமை வைத்திருந்தது. இந்தக் கடைசிக் கணக்கை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அது மிகவும் வேண்டியிருக்கும்.

எஜமானர்களுக்காகக் கண்ணீர் விடுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அடித்தவனுக்குக் கை வலித்தது என்று சொல்லி அடிபட்டவனை மறக்கச் சொல்லுகின்ற புத்தி நமக்கில்லை. ஒரு அக்கிரமம் அதைச் செய்கின்றவனையும் எப்படிக் கெடுத்து விடுகின்றது என்பதைக் காட்டுவதே நமது நோக்கமாகும்.

லாபக் கணக்கு

முதலில் பண விஷயத்தையே எடுத்துக் கொள்ளுவோம். அடிமை முறை எஜமானனுக்கு நஷ்டத்தையே கொடுத்தது என்று சிலர் சொல்லுவதுண்டு. அது சரியல்ல. 1793-ம் வருஷத்தில் எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் யந்திரத்தைச் செய்த பிறகு, பருத்திச் சாகுபடி தென் பாகம் முழுவதும் காட்டுத் தீ போல் பரவிற்று. 1860-க்குச் சமீபத்தில் அமெரிக்கா வெளிதேசங்களுக்கு அனுப்பிய சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியாகவே இருந்தது. அடிமைகளின் விலை மதிப்பு மாத்திரம் 300 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. அத்தேசத்து ரயில்வேக்களையும் தொழிற்சாலைகளையும் ஒன்றாய்ச் சேர்த்து மதிப்பிட்டாலும் அக்காலத்தில் அவ்வளவு ஆகாது. 1974-ம் வருஷத்தில் ராபர்ட் போகல், ஸ்டான்லி எங்கர்மன் என்ற இரு பொருளாதார ஆசிரியர்கள் பழைய கணக்குகளையெல்லாம் ஆராய்ந்து, அடிமைப் பண்ணைகள் நல்ல லாபத்தில் நடந்தன என்று எழுதினார்கள். அவர்களுடைய மற்ற முடிவுகளைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தாலும், லாபம் வந்தது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக் கொண்டே இருக்கின்றார்கள்.

அப்படியானால் நஷ்டம் எங்கே என்று கேட்கலாம். பணக்காரன் பெட்டியில் லாபம் சேருவது வேறு, அவன் வாழுகின்ற நாடு விருத்தியடைவது வேறு. நிலத்தையே சொத்தாக உடையவன் தன் நிலத்தின் விலை ஏற வேண்டுமென்று விரும்புவான். அதற்காக அந்த ஊருக்கு ரோடு வேண்டும், ரயில் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், கடைத் தெரு வேண்டும் என்று முயற்சி செய்வான். அடிமை எஜமானனுடைய சொத்தோ கால் முளைத்த சொத்து. ஒரு ஊர் மண் கெட்டுப் போனால் அவ்வளவு சொத்தையும் விலங்கு பூட்டி நடத்திக் கொண்டு மற்றொரு ஊருக்குப் போய் விடலாம், அல்லது வியாபாரியிடம் விற்று விடலாம். வர்ஜீனியாவில் புகையிலையை இடைவிடாமல் பயிரிட்டு மண்ணைச் சாரமற்றதாக்கியவர்கள் இதைத்தான் செய்தார்கள். 1790 முதல் 1860 வரையில் சுமார் பத்து லட்சம் அடிமைகள் பழைய மாகாணங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சாஸ் பக்கமாகக் கொண்டு போகப்பட்டார்கள். பழைய ஊர்களில் புல் முளைத்த வயல்களும் இடிந்த வீடுகளுமே மிஞ்சின.

இதன் பலன் என்னவாயிற்று என்றால், 1860-ல் அமெரிக்காவிலிருந்த சுமார் 30,000 மைல் ரயில் பாதையில், பின்னால் பிரிந்து போய் யுத்தம் செய்த பதினொரு தென் மாகாணங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அத்தேசத்து யந்திரத் தொழில் உற்பத்தியிலோ பத்தில் ஒரு பங்கு கூட அவற்றிற்கு இல்லை. உலகத்திற்கே பருத்தி கொடுத்தவர்கள் தங்கள் உடம்புக்கு வேண்டிய நல்ல துணியை வடக்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வாங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களும் பெரும்பாலும் வடக்கே போனார்களே தவிர தெற்கே எட்டிப் பார்க்கவில்லை. கூலியில்லாமல் வேலை வாங்குகின்ற ஊரில் கூலிக்காரனுக்கு என்ன மதிப்பிருக்கும்?

ஒரே ஆறு, இரண்டு கரை

இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து எழுதியவர் டோக்வில் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் 1831-ல் அமெரிக்காவுக்கு வந்து சுற்றிப் பார்த்து, 1835-ல் தமது புத்தகத்தை வெளியிட்டார். ஒகையோ ஆற்றின் ஒரு கரையில் கென்டக்கி மாகாணம். அங்கு அடிமை முறை உண்டு. மறு கரையில் ஒகையோ மாகாணம். அங்கு அடிமை முறை கிடையாது. இரண்டு கரையிலும் மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று, குடியேறியவர்களும் ஒரே ஜாதி வெள்ளையர்கள். கென்டக்கி 1792-லேயே மாகாணமாகி விட்டது. ஒகையோ பதினொரு வருஷம் பிந்தி 1803-ல்தான் மாகாணமாயிற்று. ஆனால், 1830-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் கென்டக்கியில் 6 லட்சத்து 87 ஆயிரம் பேரும், ஒகையோவில் 9 லட்சத்து 37 ஆயிரம் பேரும் இருந்தார்கள். ஒரு கரையில் வயலும் ஆலையும் வீடும் சந்தடியுமாக இருக்க, மற்றக் கரையில் ஜன நடமாட்டம் குறைந்து நிலம் தூங்கிக் கிடந்ததாக அவர் எழுதியிருக்கின்றார்.

இதற்கு அவர் கண்டு சொன்ன காரணம் முக்கியமானது. அடிமை வேலை செய்கின்ற கரையில் வேலை என்பதே அடிமையின் அடையாளமாகி விட்டது. ஆகவே வெள்ளையன் வேலை செய்ய வெட்கப்பட்டான். அடிமையில்லாத கரையிலோ வேலை என்பது சுகத்திற்கு வழியாயிற்று. ஆகவே ஒவ்வொருவனும் உழைத்தான். அடிமை எஜமானன் வேலையை மாத்திரம் அடிமைக்குக் கொடுக்கவில்லை, வேலை செய்வதிலுள்ள மரியாதையையும் சேர்த்தே தன்னிடமிருந்து கழற்றி எறிந்து விட்டான் என்பதே இதன் கருத்தாகும். பிறகு அவனுக்கு மிஞ்சியதெல்லாம் வேட்டையும், குதிரைப் பந்தயமும், சீட்டாட்டமும், விருந்தும், கடனுந்தான்.

கடன் என்றால் சாதாரணக் கடனல்ல. லூசியானாவில் இரண்டு பாங்கிகள் மாத்திரம் 1831 முதல் 1865 வரையில் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக எழுதி வாங்கிக் கொண்டு கடன் கொடுத்திருக்கின்றன. அவற்றை வழிவழியாய்த் தன்னுடன் சேர்த்துக் கொண்ட இன்றைய பெரிய பாங்கி ஒன்று 2005-ல் இதைத் தானே வெளியிட்டு மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. எஜமானன் சூதாடித் தோற்றால் அடிமையின் குடும்பம் ஏலத்திற்குப் போகும். ஜார்ஜியாவில் பெரிய பண்ணைக்காரனாயிருந்த பியர்ஸ் பட்லர் என்பவன் சூதாட்டத்திலும் பங்கு வியாபாரத்திலும் சொத்தைத் தொலைத்து விட்டு, 1859-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சவானா நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டே நாளில் 429 மனிதர்களை விற்றான். வந்த பணம் மூன்று லட்சம் டாலருக்கு மேல். ஒருவனுடைய சீட்டாட்டக் கடனுக்காக ஒரு கிராமத்தையே விற்றதற்கு ஒப்பான காரியம் அது.

குழந்தைக்குக் கொடுத்த பாடம்

நிற்க. பணத்தை விட்டு விட்டு மனிதத் தன்மையைப் பார்ப்போம். மேற்படி பட்லருடைய மனைவி பானி கெம்பிள் என்ற ஆங்கில நாடக நடிகை. அந்த அம்மாள் 1838-39-ல் சில மாதம் தன் புருஷனுடைய பண்ணையில் இருந்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். தன்னுடைய சிறு பெண் குழந்தை வாயைத் திறந்து எது கேட்டாலும் பெரியவர்கள் பலர் ஓடுவதைப் பார்த்து அவர் நடுங்கிப் போனார். தன் மனதை அடக்கிக் கொள்ளத் தெரியாத வயதில் பிறரை அடக்கி ஆளக் கற்றுக் கொள்ளுகின்ற குழந்தை பின்னால் என்ன மனுஷியாகும் என்பதே அவருடைய பயம். கடைசியில் 1849-ல் புருஷனிடமிருந்து விவாகரத்து ஆயிற்று. குழந்தைகள் தகப்பன் வசமாகி விட்டார்கள். அந்த நாட்குறிப்பை அவர் 1863-ல் அச்சிட்டு வெளியிட்டார்.

இதே விஷயத்தை அதற்கு ஐம்பது வருஷத்திற்கு முன்னாலேயே ஒரு எஜமானர் எழுதியிருக்கின்றார். அவர் சாதாரண ஆளல்ல. மனிதர் எல்லோரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று 1776-ம் வருஷத்துச் சுதந்திர அறிக்கையை எழுதிய தாமஸ் ஜெபர்சனேயாவார். 1785-ல் அச்சான வர்ஜீனியாவைப் பற்றிய தமது புத்தகத்தில், தகப்பன் அடிமைமேல் கோபத்தைக் கொட்டுவதைப் பார்த்து வளர்கின்ற பிள்ளை அதையே தானும் படித்துக் கொள்ளுகின்றது என்றும், அந்த நிலைமையில் கெடாமல் தப்பித்துக் கொள்ளுகின்றவன் அபூர்வ மனிதனாயிருக்க வேண்டுமென்றும் கருத்துப்பட எழுதினார். எவ்வளவு தெளிவான புத்தி! ஆனால், அந்தப் புத்தி அவருக்கு என்ன பயன்பட்டது? தமது ஆயுளில் அவர் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தார். 1826-ல் சாகும்போது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். அடுத்த 1827-ல் அவர் வீட்டு அடிமைகள் 130 பேர் ஏலம் போடப்பட்டார்கள். உயிலில் ஐந்து பேருக்கு மாத்திரம் விடுதலை எழுதி வைத்தார். அதில் ஒருவர் ஜோ பாசெட் என்ற கொல்லர். அவருக்கு விடுதலை. அவருடைய மனைவி மக்களோ ஏலத்தில் விலைக்குப் போனார்கள்.

ஜெபர்சனுக்கு வழி காட்டுவார் இல்லாமலும் போகவில்லை. 1814-ல் எட்வர்ட் கோல்ஸ் என்ற வர்ஜீனியா வாலிபர், அடிமை விடுதலைக்குத் தாங்கள் தலைமை வகிக்க வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெபர்சன், தமக்கு வயதாகி விட்டது, அது வாலிபர்கள் காரியம் என்று பதில் எழுதி விட்டார். கோல்ஸ் 1819-ல் தமது அடிமைகளை இல்லினாய் பக்கம் அழைத்துப் போய் விடுதலை செய்தார். பிறகு அந்த மாகாணத்துக்குக் கவர்னராகவும் ஆனார். ஆகையால், காலம் அப்படியிருந்தது, அவர்களால் வேறென்ன செய்ய முடியும் என்கின்ற சமாதானம் செல்லாது.

நல்லவர்களைக் கூட இந்தப் பதவி எப்படிக் கெடுக்கும் என்பதற்கு மற்றொரு உதாரணம் சொல்லுகின்றோம். அடிமையாகப் பிறந்து, பின்னால் உலகப் பிரசித்தி பெற்ற பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ் தமது சரித்திரத்தை 1845-ல் எழுதினார். அவரைச் சிறு பையனாயிருக்கும்போது பால்டிமோர் நகரத்தில் சோபியா ஆல்ட் என்ற அம்மாள் வீட்டில் விட்டார்கள். அந்த அம்மாள் கலியாணத்திற்கு முன் நெசவு செய்து தன் கையால் பிழைத்தவள், அடிமை வைத்துப் பழகாதவள். ஆகவே, பையனை மனிதப் பிள்ளையாகவே பாவித்து எழுத்துக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தாள். புருஷன் வந்து, படித்த அடிமை அடிமையாயிருக்க லாயக்கற்றுப் போவான் என்று தடுத்தான். அதன் பிறகு அந்த அம்மாள் நாளுக்கு நாள் மாறி, பையன் கையில் ஒரு பத்திரிகையைக் கண்டாலும் ஓடி வந்து பிடுங்குகின்றவளாகி விட்டாள். அடிமைத்தனம் தமக்குச் செய்த கெடுதியைப் போலவே அவளுக்கும் கெடுதி செய்து விட்டது என்று டக்ளஸ் எழுதினார். அடிபட்டவரே இப்படிச் சொல்லுகின்றார் என்றால் அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தகப்பனே பிள்ளையை விற்ற கதை

1662-ம் வருஷத்தில் வர்ஜீனியா சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அச்சட்டம். இங்கிலாந்து வழக்கப்படி தகப்பன் வழியில் வருகின்ற அந்தஸ்து இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் தாய் வழிக்குத் திருப்பப்பட்டது. இதன் சூட்சுமம் என்னவென்றால், எஜமானன் அடிமைப் பெண்ணைக் கெடுத்துப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு அவன் தகப்பனாக வேண்டியதில்லை, சொந்தக்காரனானால் போதும் என்பதேயாகும். அதாவது, ஒழுக்கக் கேட்டைச் சட்டமே வருமானமாக்கிக் கொடுத்தது. ஜெபர்சன் வீட்டில் அடிமையாயிருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் பிள்ளைகளுக்கு அவரே தகப்பன் என்பதை, 1998-ல் நடந்த மரபணுப் பரிசோதனையையும் மற்றச் சாட்சிகளையும் வைத்து, அவருடைய வீட்டைப் பாதுகாக்கின்ற ஸ்தாபனமே 2000-ல் ஒப்புக் கொண்டது.

எஜமானிகளாயிருந்த வெள்ளைப் பெண்களின் வாழ்வு என்ன வாழ்வு? தென் கரோலினாவில் பெரிய பதவியிலிருந்த ஒருவரின் மனைவியான மேரி செஸ்னட் என்ற அம்மாள் 1861-ல் தன் நாட்குறிப்பில், ஒவ்வொரு வீட்டுச் சீமாட்டிக்கும் அடுத்த வீட்டுக் கலப்புக் குழந்தைகளின் தகப்பன் யாரென்று தெரியும், தன் வீட்டுக் குழந்தைகள் மாத்திரம் ஆகாயத்திலிருந்து விழுந்தவை போல் நடிப்பாள் என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கின்றாள். புருஷனிடம் கேட்க வாயில்லை. கேட்காமலிருக்க மனமில்லை. ஆகவே, கோபமெல்லாம் அந்த அடிமைப் பெண்ணின் முதுகில் விழுந்தது.

மதமும் வைத்தியமும்

இவ்வளவு அக்கிரமத்திற்கும் மதம் என்ன செய்தது என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். செய்ய வேண்டியதைச் செய்தது. ஞானஸ்நானம் பெற்றவன் சகோதரனாகி விடுவானே, அப்பொழுது அடிமையாக வைத்திருக்கலாமா என்ற சந்தேகம் வந்தபோது, ஞானஸ்நானத்தினால் அடிமைத்தனம் நீங்காது என்று 1667-ல் வர்ஜீனியாவில் சட்டம் செய்தார்கள். ஆத்மாவுக்கு மோட்சம், உடலுக்குச் சாட்டை என்று பாகப்பிரிவினை ஆயிற்று. 1838-ல் மேரிலாந்து ஜெசூட் பாதிரிமார்கள் தங்கள் ஜார்ஜ்டவுன் காலேஜின் கடனைத் தீர்ப்பதற்காக 272 அடிமைகளை விற்றார்கள். அடிமை வைத்திருப்பவரைப் பாதிரி வேலைக்கு அனுப்பலாமா என்ற தகராறில் 1845-ல் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்து கொண்டார்கள். அந்தச் சபை மன்னிப்புக் கேட்டது 1995-ல். கடவுளின் மனசாட்சி விழிப்பதற்கு 150 வருஷம் பிடித்தது போலும்!

மதம் கெட்டது போதாதென்று விஞ்ஞானமும் கெடுக்கப்பட்டது. 1851-ல் கார்ட்ரைட் என்ற தெற்கத்திய டாக்டர், அடிமைகள் ஓடிப் போவது ஒருவகைப் பைத்தியம் என்று சொல்லி, அதற்கு டிராப்பிட்டோமேனியா என்று ஒரு பெயரும் வைத்து, சாட்டையடியையும் ஒரு சிகிச்சையாகச் சொன்னார். விடுதலையை விரும்புவது வியாதி, அடிமையாயிருப்பது ஆரோக்கியம்! படித்த ஒரு டாக்டரின் மூளை இந்தக் கதிக்கு வந்ததென்றால், அடிமைத்தனம் யாருடைய மூளைக்கு விலங்கு போட்டது என்று கேட்கின்றோம்.

வாய்ப்பூட்டு

பிறனுடைய வாயைக் கட்ட ஆரம்பித்தவன் கடைசியில் தன் வாயையும் கட்டிக் கொள்ள நேர்ந்தது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைப் பல தென் மாகாணங்கள் குற்றமாக்கின. 1835-ல் சார்லஸ்டன் நகரத்தில் அடிமை ஒழிப்புப் பத்திரிகைகள் தபாலில் வந்தபோது, கூட்டம் புகுந்து அவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்திற்று. 1836 முதல் 1844 வரையில் அடிமை ஒழிப்பு விண்ணப்பங்களை எடுத்துப் பேசவே கூடாதென்று அமெரிக்கப் பிரதிநிதி சபையில் ஒரு விதி இருந்தது. அதே சார்லஸ்டனில் அடிமை வைத்திருந்த ஒரு ஜட்ஜின் பெண்களான சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே என்ற சகோதரிகள் அடிமைத்தனத்தைக் கண்டித்ததற்காகப் பிறந்த ஊருக்கே திரும்ப முடியாதவர்களானார்கள். 1856-ல் சார்லஸ் சம்னர் என்ற செனட்டர் அடிமை முறையைத் தாக்கிப் பேசினார் என்பதற்காக, தென் கரோலினாப் பிரதிநிதியான பிரஸ்டன் புரூக்ஸ் என்பவன் செனட் சபைக்குள்ளேயே அவரைத் தடியால் அடித்து மூர்ச்சையாக்கினான். அவனுடைய ஊரார் வெட்கப்படவில்லை. புதிய தடிகளை வாங்கி அவனுக்குப் பரிசாக அனுப்பினார்கள். வாதத்திற்குப் பதில் தடி என்ற நிலைமைக்கு ஒரு ஜன சமூகமே வந்து விட்டது.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது பயமேயாகும். ஹெய்ட்டித் தீவின் அடிமைகள் 1791-ல் கிளம்பி 1804-ல் சுதந்திர நாடே ஏற்படுத்தி விட்டார்கள். 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமை தலைமையில் நடந்த கலகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே அடிமை முறையை எடுத்து விடலாமா என்று வர்ஜீனியா சட்டசபையில் யோசனை நடந்தது. ஆனால், முடிவில் எடுக்கவில்லை, கட்டுக்காவலைத்தான் அதிகமாக்கினார்கள். எஜமானன் இரவில் நாய் குரைத்தாலும் எழுந்து உட்காருவான். சமைத்துப் போடுகின்றவளையும் நம்ப முடியாது, சவரம் செய்கின்றவனையும் நம்ப முடியாது. இதற்குப் பெயர் வாழ்வா?

அடிமையில்லாத வெள்ளையன்

முன்னே ஞாபகத்தில் வைத்துக் கொள்ளச் சொன்ன கணக்குக்கு இப்பொழுது வருவோம். நாலில் மூன்று வெள்ளைக் குடும்பத்திற்கு அடிமை கிடையாது. நல்ல நிலத்தைப் பண்ணைக்காரன் எடுத்துக் கொண்டான், கூலியை அடிமை முறை குறைத்து விட்டது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமில்லை. அப்படியிருந்தும் அந்த ஏழை வெள்ளையன் ஏன் எஜமானன் பக்கமே நின்றான்? அவனுக்கும் ஒரு லாபம் கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, நீ எவ்வளவு ஏழையானாலும் உனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்ற பெருமை. 1858-ல் ஹாமண்ட் என்ற தென் கரோலினா செனட்டர், எந்தச் சமூகத்திற்கும் வீட்டுக்கு அடிமரம் போல் மிதிபடுகின்ற ஒரு கூட்டம் வேண்டும் என்று செனட் சபையில் பகிரங்கமாகவே பேசினார். அந்த மிதிபடுகின்ற கூட்டத்தில் தான் இல்லை என்ற ஒரே சந்தோஷத்தில் ஏழை வெள்ளையன் தன் வயிற்றை மறந்தான்.

இந்த ஏமாற்றத்தை வெளியில் சொன்னவர் ஹிண்டன் ஹெல்ப்பர் என்ற வட கரோலினாக்காரர். 1857-ல் அவர் குடிக்கணக்குகளை வைத்துக் கொண்டு, அடிமை முறை ஏழை வெள்ளையனைக் கெடுத்து விட்டது என்று ஒரு புத்தகம் போட்டார். கருப்பு மக்கள்மேல் அவருக்குத் துளியும் அன்பு கிடையாது, வெறுப்புத்தான் உண்டு. அப்படிப்பட்டவருடைய கணக்கையும் எஜமானர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தப் புத்தகத்தைப் பரப்பினார் என்பதற்காக வட கரோலினாவில் ஒரு பாதிரியாருக்கு 1860-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

1861-ல் யுத்தம் வந்தது. அடிமையில்லாதவனே பெரும்பாலும் துப்பாக்கி தூக்கினான். 1862-ல் தெற்கத்திய சர்க்கார், இருபது அடிமைகள் உள்ள ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெள்ளையனுக்குப் பட்டாளத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. சண்டை பணக்காரனுடையது, சாவு ஏழையினுடையது என்று அப்பொழுதுதான் பலருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? நாலு வருஷத்தில் இரு பக்கத்திலும் சேர்ந்து ஆறு லட்சத்திற்கு மேல் ஏழரை லட்சம் வரையில் செத்தார்கள். 1865-ல் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 300 கோடி டாலர் சொத்து என்று எழுதி வைத்திருந்ததெல்லாம் காகிதமாயிற்று. மனிதன் ஒருபொழுதும் சொத்தாக இருக்க முடியாது என்பதை எஜமானன் அன்றுதான் கணக்கில் எழுதினான்.

யுத்தம் முடிந்தாலும் புத்தி மாறவில்லை. விடுதலையான மக்களைக் கீழேயே அழுத்தி வைப்பதற்காக வாரக் குடி முறையும், தனி ரயில் வண்டியும், ஓட்டுக்கு வரியும் ஏற்படுத்தினார்கள். அந்த ஓட்டு வரியினால் கருப்பனோடு ஏழை வெள்ளையனும் ஓட்டை இழந்தான். ஒருவனைச் சேற்றில் அழுத்தி வைத்திருப்பவன் தானும் சேற்றில் நின்றுதானே ஆக வேண்டும்? 1938-ல் கூட ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தேசத்தின் முதல் பொருளாதாரச் சங்கடம் தென் பாகந்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதாவது, அடிமை ஒழிந்து 73 வருஷமான பிறகும் எஜமானர்கள் நாடு தலைதூக்கவில்லை.

நமக்கு இதிலென்ன?

அமெரிக்கச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். பூனாவில் மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய குலாம்கிரி என்ற புத்தகத்தை, அடிமைகளை விடுதலை செய்த அமெரிக்க நன்மக்களுக்கே அர்ப்பணம் செய்தார். அவர்களைப் பார்த்து நம் நாட்டாரும் சூத்திரர்களை விடுவிக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. நம் தேசத்திலும் 1843-ம் வருஷத்து 5-வது சட்டம் வருகின்ற வரையில் கோர்ட்டுகள் அடிமைப் பாத்தியதையை ஒப்புக் கொண்டிருந்தன. தஞ்சாவூர் வயல்களிலும் மலையாளத்து வயல்களிலும் நிலத்தோடு மனிதர்களையும் சேர்த்து விற்றிருக்கின்றார்கள். அடிமைச் சட்டம் போயிற்று. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தில் தீண்டாமையும் சட்டப்படி போயிற்று. ஆனால், மனதிலிருந்து போயிற்றா என்பதுதான் கேள்வி.

பார்ப்பான் தன்னை உயர்ந்தவன் என்று சொன்னால் நமக்கு ரோஷம் வருகின்றது. வர வேண்டியதுதான். ஆனால், அதே ரோஷக்காரர்களில் பலர் சேரிக்காரருக்கு டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தால் சும்மா இருக்கின்றார்கள். தன் பெண் கீழ்ஜாதி என்று சொல்லப்படுகின்ற வாலிபனைக் கலியாணம் செய்து கொண்டால் அரிவாளைத் தூக்குகின்றார்கள். இவர்களுக்கு நிலமில்லை, பணமில்லை, உத்தியோகமில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்ற பெருமை ஒன்றுதான் இருக்கின்றது. அந்தப் பெருமைக்கு ஏழை வெள்ளையன் கொடுத்த விலை என்னவென்று மேலே சொன்னோம். சொந்தப் பெண்ணையே வெட்டுகின்றவன் அதைவிடக் குறைந்த விலையா கொடுக்கின்றான்?

ஆகவே, ஜாதி ஒழிப்பு என்பது கீழே இருக்கின்றவனுக்குச் செய்கின்ற உபகாரம் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டு விட வேண்டும். கீழே இருக்கின்றவன் தனது விடுதலையைத் தானே பார்த்துக் கொள்ளுவான், பார்த்துக் கொண்டும் வருகின்றான். அவனை அழுத்துவதற்காக வைத்திருக்கின்ற கையை எடுத்து விட்டால், அந்தக் கை வேறு நல்ல வேலைக்கு ஆகும். உங்கள் ஊர் டீக்கடையில் இன்னமும் இரண்டு விதக் கிளாஸ் இருக்குமானால், நாளைக் காலையில் அதை எடுக்கச் சொல்லுங்கள். அது உங்களுடைய விலங்கில் ஒரு கண்ணி என்பதை அறிந்து கொண்டு சொல்லுங்கள்.